ஈர மண்ணில் ஜாக்கி போடலாமா?

வாசகர் கேள்வி: வண்டி, கருவி, பராமரிப்பு

''எங்கள் வீட்டு வாசலில் இருந்து தார் ரோடு வரை மண் பாதைதான். போன ஐப்பசி மழையில் டி.ஏ.பி. 10 மூட்டை ஏற்றி வந்த சின்ன லோடு வண்டிக்கு வாசலிலேயே பின்பக்க டயர் பஞ்சர் ஆகிவிட்டது. மூட்டையை இறக்காமலே ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றி வெளியே எடுத்த நேரத்தில் ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, வண்டி தடாலென்று இறங்கிவிட்டது. கீழே விழுந்த நட்டை எடுக்கப் போன என் அண்ணன் மகன், அப்போதுதான் கையை வெளியே இழுத்திருந்தான். ஜாக்கி புதிது. 2 டன் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் ஏன் சாய்ந்தது? மண் தரையில் ஜாக்கி போடவே கூடாதா?''

- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

ஜாக்கியில் குறை இல்லை. 2 டன் என்பது ஜாக்கி தாங்கும் எடை. ஜாக்கிக்குக் கீழே இருக்கும் மண் எவ்வளவு தாங்கும் என்பது அதில் எழுதியிருக்காது. அதை வண்டிக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் தரையில் ஜாக்கி போடலாம். ஆனால், வெறும் மண்ணில் போடக் கூடாது.

ஏன் சாய்ந்தது?

நடவுக்கு முன்னால் பரம்பு அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பரம்புப் பலகை மீது ஏறி நிற்கும் ஆள் சேற்றில் புதைவதில்லை. அதே ஆள் பலகையை விட்டுப் பக்கத்தில் இறங்கினால், கால் உள்ளே போய்விடுகிறது. ஆளின் எடை மாறவில்லை, சேறும் மாறவில்லை. எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஜாக்கிக்கும் இதே கணக்குதான். வாசகரின் வண்டியைப் போன்ற சிறிய லோடு வண்டி காலியாக இருந்தாலே ஒரு டன்னை நெருங்கும். அதோடு மூட்டைக்கு 50 கிலோ வீதம் 10 மூட்டை, 500 கிலோ. பாரத்தில் பெரும்பகுதி பின்பக்கம்தான் விழும். ஆக, ஒரு பின்சக்கரத்தின் பங்கு 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இருந்தால், பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் நான்கரை கிலோவைச் சுமக்க வேண்டும். மழையில் ஊறிய வண்டல் மண் அதைச் சுமக்காது.

ஜாக்கி நேராக, ஒரே சீராகப் புதைந்தால்கூட ஆபத்து குறைவு. ஆனால், மண் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டயர் அழுந்திய தடம் ஒரு பக்கம், இளகிய மண் ஒரு பக்கம் என்றிருக்கும். இளகிய பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். உடனே எடை அந்த விளிம்புக்குப் போகும். எடை போகப் போக அந்த விளிம்பு இன்னும் இறங்கும். ஆரம்பத்தில் விரல்கடை அளவு இருந்த சாய்வு, சில நொடிகளில் வண்டியைக் கீழே போட்டுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது அது நேர்கோட்டில் மேலே போவதில்லை. தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரங்களை ஊன்றுகோலாக வைத்து, வில் போல வளைந்து எழுகிறது. அதனால் ஜாக்கியின் தலை சிறிது சிறிதாக வண்டியின் உள்பக்கம் இழுக்கப்படுகிறது. சிமென்ட் தரையில் அடிப்பாகம் இந்த இழுப்புக்கு ஈடு கொடுத்து உறுதியாக நிற்கும். இளகிய மண்ணில் அடிப்பாகமே சாய்ந்துவிடும்.

ஒரு அடி சதுரப் பலகை

வழி எளிது. ஜாக்கிக்குக் கீழே ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை ஒன்றைப் போட்டால் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். அதே 450 கிலோ இப்போது சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோதான். முன்பு இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஆள் ஒற்றைக்காலில், முழுப் பாதமும் பதிய நின்றால் மண் மீது விழும் அழுத்தத்தைவிட இது சற்றுத்தான் அதிகம்.

மூட்டைகளை இறக்கிவிட்டால் அந்த அரை கிலோவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். 10 மூட்டையை இறக்கி ஏற்ற ரெண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆகலாம். மழை தூறுகிறது, உரம் நனைந்துவிடும் என்று தயங்குவார்கள். தார்ப்பாயை விரித்து இறக்கி, மேலேயும் மூடி வைக்கலாம். பாரத்தோடு தூக்குவதைத் தவிர்ப்பதுதான் முதல் பாதுகாப்பு.

பலகை எப்படி இருக்க வேண்டும்?

கனம் முக்கியம். மெல்லிய பலகை நடுவில் வளையும். வளைந்தால் எடை நடுப்பகுதியில் மட்டும் இறங்கும். ஓரங்கள் சும்மா கிடக்கும். பெரிய பலகை போட்டும் பயன் இருக்காது. ஒன்றரை முதல் 2 அங்குல கனம் உள்ள வேம்பு, வாகை, கருவேலம் போன்ற கெட்டி மரம் நல்லது. அப்படிக் கிடைக்காவிட்டால் முக்கால் அங்குல ப்ளைவுட் ரெண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கிக்கொள்ளலாம். சாதாரணப் பலகைத் துண்டுகளை அடுக்கினால், மேல் அடுக்கின் ரேகை கீழ் அடுக்கின் ரேகைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அப்போதுதான் ரேகையோடு பிளக்காது.

மரத்தின் மீது ஜாக்கியின் இரும்பு அடி வழுக்கும். மழையில் இன்னும் மோசம். ஜாக்கியைப் பலகையின் நடுவில் வைத்து, அதைச் சுற்றி நான்கு ரீப்பர் துண்டுகளை அடித்துவிட்டால் ஜாக்கிக்கு ஒரு கூடு அமைந்துவிடும். எந்தப் பக்கமும் நகராது. பலகைக்கு வழவழப்பான பெயின்ட் அடிக்க வேண்டாம். ஒரு ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டினால், சேற்றில் புதைந்த பலகையை வேலை முடிந்ததும் இழுத்து எடுக்க உதவும்.

அவசரத்துக்குக் கையில் கிடைப்பதை எல்லாம் ஜாக்கிக்கு அடியில் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அதில்தான் விபத்து நடக்கிறது. செங்கல் பிளந்துவிடும். உள்ளே பொந்துள்ள சிமென்ட் ஹாலோ பிளாக், முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். கடப்பாக்கல் துண்டு பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், அடியில் பள்ளம் இருந்தால் நடுவில் உடையும். உடையாவிட்டாலும் இரும்பு அதன் மீது வழுக்கும். தென்னை மட்டை, மணல் மூட்டை, பழைய டயர் ஆகியவை அமுங்கி எழும்பும். எதுவுமே அமுங்கக் கூடாத இடத்தில் அவற்றைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

குதிகால் சோதனை

பலகை போட்டால் எந்த மண்ணும் தாங்கிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. தாங்குமா, தாங்காதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஜாக்கி வைக்கப்போகும் இடத்தில் வெறுங்காலோடு நின்று, முழு எடையையும் ஒரு குதிகாலில் கொடுத்துப் பாருங்கள். 70 கிலோ ஆளின் குதிகால், மண்ணின் மீது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தத்தைக் கொடுக்கும். பலகை வழியாக ஜாக்கி கொடுப்பதைவிட இது மூன்று, நான்கு மடங்கு அதிகம்.

குதிகால் பதியாமல், தடம் மட்டும் விழுந்தால், பலகை போட்டு ஜாக்கி வைக்கலாம். ஒரு விரல்கடை அளவு பதிந்தால், ஒன்றரை அடி சதுரப் பலகையும் நிதானமும் தேவை. பலகை பெரிதாகும்போது கனமும் கூட வேண்டும். அதற்கு மேல் குதிகால் உள்ளே போனால், அந்த இடம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. டெல்டா பகுதியில் மேல்மண் காய்ந்து ஓடு கட்டியிருக்கும். ஒரு சாண் கீழே களி இளகியிருக்கும். குதிகால் சோதனையில் இது தெரியாது. அப்படிச் சந்தேகம் உள்ள இடத்தில் கடப்பாரையை ஒரு முறை ஊன்றிப் பாருங்கள். முதலில் தடுத்து, பிறகு சட்டென்று உள்ளே இறங்கினால், கீழே பொய்த்தரை என்று அர்த்தம். புதிதாக மண் அடித்து மேடாக்கிய வாசலும் இப்படித்தான். மேலே கிராவல் கொட்டியிருப்பதால் பாதை கெட்டி என்று தோன்றும். கீழே போட்ட மண் ஒரு மழைக்காலமாவது கண்டு இறுகினால்தான் அது உண்மையிலேயே கெட்டி.

இடத்தை மாற்றத் தயங்க வேண்டாம்

பஞ்சர் ஆன வண்டியை ஓட்டினால் டயர் கிழிந்துவிடும் என்ற பயத்தில், நின்ற இடத்திலேயே ஜாக்கி வைப்பவர்கள் அதிகம். பாரத்தை இறக்கிவிட்டு, நடக்கும் வேகத்தில் 50 அடி நகர்த்திக் கெட்டித் தரைக்குக் கொண்டுபோவதே நல்லது. டயர் வீணானாலும் இன்னொன்று வாங்கிவிடலாம். விரல் போனால் வாங்க முடியாது.

வாய்க்கால் ஓரத்திலும் வரப்பு ஓரத்திலும் எவ்வளவு பெரிய பலகை போட்டாலும் ஜாக்கி போட வேண்டாம். அங்கே மண் கீழே இறங்குவதில்லை. பக்கவாட்டில் சரிந்து வாய்க்காலுக்குள் போகும். வாய்க்காலின் ஆழம் எவ்வளவோ, குறைந்தது அதைப்போல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்பது நல்லது. சரிவான பாதையிலும் தூக்கக் கூடாது.

சக்கரத்துக்கு முட்டு

ஜாக்கி புதைவதைப் போலவே வண்டி உருள்வதும் ஆபத்து. 'ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரிலும் நிக்குது' என்று நம்பி விட்டுவிடுவார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், தரையில் மிச்சம் இருப்பது பிடித்த சக்கரம் ஒன்றுதான். ஈர மண்ணில் அது சறுக்கக்கூடும். கியரை நம்புவதும் வீண். என்ஜின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் வண்டியில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரன்ஷியல் அதைச் சும்மா சுற்றவிட்டு, மறு சக்கரத்தையும் உருளவிடும். சில பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் ஷாஃப்ட்டில் இருக்கும். அவற்றில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

ஆகவே, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலும் நிறுத்திவிட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கினால் முன்சக்கரம் ரெண்டுக்கும், முன்சக்கரத்தைத் தூக்கினால் பின்சக்கரம் ரெண்டுக்கும் முட்டு அவசியம். உருண்டைக் கல் உருண்டுவிடும். ஆப்பு வடிவில் வெட்டிய மரக்கட்டைதான் சரி. மண் இளகியிருந்தால் மண்வெட்டியால் லேசாகக் கொத்தி, கட்டை டயரோடு ஒட்டி அமரும்படி பதித்துவிடுங்கள்.

தூக்கும்போது

முதலில் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கட்டும். குழந்தைகள், ஆடு, மாடு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் வண்டி ஆடும். மண்ணில் சாய்ந்த ஜாக்கிகளில் பல, இந்த ஆட்டத்தில் சாய்ந்தவைதான்.

அடுத்து, ஜாக்கி வைக்கும் இடம். கார்களில் கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் ஜாக்கிக்கென்றே அடையாளம் இருக்கும். லோடு வண்டிகளில் எங்கே வைக்க வேண்டும் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் படத்தோடு இருக்கும். என்ஜின் ஆயில் பாத்திரத்திலோ தரைத் தகட்டிலோ வைத்தால், தகடு நசுங்கி ஜாக்கி நழுவும்.

காற்று இறங்கிய வண்டி தாழ்ந்து நிற்பதால், பலகையும் ஜாக்கியும் சேர்ந்து அடியில் நுழையாமல் போகலாம். உடனே பலகையை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் மண்ணில் ஜாக்கி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குப் பதிலாக, பலகையின் கனம் அளவுக்கு மண்ணைச் சமமாகச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் பலகையைப் பதிக்கலாம். மேலே இளகிய மண் போய், கீழே சற்றுக் கெட்டியான மண் கிடைப்பது கூடுதல் லாபம். இல்லாவிட்டால், பஞ்சர் ஆன சக்கரத்துக்கு முன்னால் இன்னொரு பலகையைப் போட்டு, வண்டியை மெதுவாக அதன் மீது ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம்.

ஜாக்கியில் எடை ஏறும் வரை உயர்த்திவிட்டு, டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். எழுந்து தள்ளி நின்று பாருங்கள். பலகை ஒரே சீராக அமுங்கியிருக்கிறதா, ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறதா? ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா? சாய்ந்திருந்தால் தட்டியோ, தள்ளியோ நிமிர்த்தப் பார்க்காதீர்கள். முழுவதும் இறக்கி, மண்ணைச் சமன் செய்து, மறுபடியும் வையுங்கள். இந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்க்க முடியும்.

சரியாக இருந்தால், மாற்றுச் சக்கரத்தை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டியின் அடியில் படுக்கப்போடுங்கள். ஒருவேளை ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மீதுதான் அமரும். பிரேக் டிரம் மண்ணில் போய்க் குத்தாது. பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றியதும், அதை அடியில் தள்ளிவிட்டு மாற்றுச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். வாசகரின் வாசலில் இப்படி ஒரு சக்கரம் கிடந்திருந்தால், அண்ணன் மகனின் கை அவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்திருக்காது.

டயர் தரையை விட்டு எழும்பும் அளவு தூக்கினால் போதும். காற்று நிறைந்த டயரை மாட்ட இன்னும் ரெண்டு அங்குலம் தேவைப்படும். அதற்கு மேல் உயர்த்த உயர்த்த, ஜாக்கி நிலைகொள்ளாது. நட்டு, ஸ்பேனர் எது கீழே விழுந்தாலும் கையை விடாதீர்கள். ஒரு குச்சியால் இழுத்து எடுங்கள். சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு, ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை எதையும் மண் தரையில் ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்யவே கூடாது. சைலன்சர் கம்பியைக் கட்டும் ரெண்டு நிமிட வேலையானாலும் சரி, கெட்டித் தரைக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான்.

டிராக்டரும் டிரெய்லரும்

டிராக்டருக்கு இதே விதிகளோடு இன்னும் ரெண்டு சேரும். டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே அச்சாணியில் ஊசலாடும்படி அமைந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் முன்சக்கரங்கள் ஏறி இறங்குவதற்காகச் செய்த அமைப்பு அது. முன்பக்கத்தை நடுவில் வைத்துத் தூக்கினால், உடல் ஒரு பக்கமாகச் சாய வாய்ப்பு உண்டு. ஆக்ஸிலுக்கும் உடலுக்கும் இடையில் ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஊசலை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும்.

பின் டயரில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால், உள்ளே 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் இருக்கக்கூடும். அந்தச் சக்கரத்தை ஒருவர் தாங்கிப் பிடிக்க முடியாது. சாய்ந்தால் ஆளை நசுக்கிவிடும். டிராக்டர் பின் டயரை வீட்டில் கழற்ற வேண்டாம். டயர் கடைக்காரரைக் கூப்பிடுவதே சரி.

ரெண்டு சக்கர டிரெய்லரைத் தூக்கும் முன் பாரத்தை முழுக்க இறக்குங்கள். டிராக்டரில் இருந்து கழற்றாமல், மாட்டிய நிலையிலேயே, டிராக்டருக்கும் முட்டுக் கொடுத்துத் தூக்குங்கள். கழற்றிவிட்டுத் தூக்கினால் டிரெய்லர் முன்னாலோ பின்னாலோ குடை சாய்ந்துவிடும்.

இதையொட்டி வந்த சிறு கேள்விகள்

''எங்கள் ஊர் கரிசல். வெயில் காலத்தில் பாறை மாதிரி இருக்கிறது. அப்போதும் பலகை வேண்டுமா?''

- ஒரு வாசகர், கோவில்பட்டி

வேண்டும். காய்ந்த கரிசலில் வெடிப்புகள் ஆழமாக ஓடியிருக்கும். வெடிப்பின் ஓரத்தில் ஜாக்கி நின்றால், அந்தக் கட்டி அப்படியே பெயர்ந்து வெடிப்புக்குள் சரியலாம். பலகை வெடிப்பின் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். முடிந்தவரை வெடிப்பு இல்லாத இடமாகப் பாருங்கள். நல்ல மழை பெய்த பிறகு, கரிசலில் ஜாக்கி போடுவதையே தள்ளிப்போடுங்கள்.

''எங்களுடையது தேரி மணல். குதிகால் எங்கே வைத்தாலும் புதைகிறது. என்ன செய்வது?''

- ஒரு வாசகி, திருச்செந்தூர்

மணலின் குணம் வேறு. அழுத்தினால் பக்கவாட்டில் ஒதுங்கும். மேலே உள்ள தளர்ந்த மணலை ஒரு சாண் ஆழத்துக்கு அகலமாக ஒதுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கி, ஒன்றரை அடி சதுரப் பலகையைப் போடுங்கள். ஈர மணல், காய்ந்த மணலைவிட நன்றாக நிற்கும். தெளித்தால் போதும், கொட்டி ஊறவைத்தால் இளகிவிடும். இறுக்கிய இடத்தில் மறுபடியும் குதிகால் வைத்துப் பாருங்கள். அப்போதும் புதைந்தால், வண்டியைக் கெட்டித் தரைக்கு நகர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

''ஹைட்ராலிக் ஜாக்கியை உயர்த்தி வைத்தால் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மண்ணில் புதைகிறதா, ஜாக்கியில் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?''

- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

சிமென்ட் தரையில் வைத்து, காலி வண்டியைக் கொஞ்சமாகத் தூக்கி, டயர் தரையை விட்டு எழும்பாத நிலையில் விட்டுவிடுங்கள். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் ஜாக்கியின் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம், திறப்புத் திருகு சரியாக மூடாமல் இருக்கலாம். சரி செய்யும் வரை அந்த ஜாக்கியைப் பயன்படுத்தாதீர்கள். கோடு இறங்காவிட்டால், குறை மண்ணில்தான்.

''வாசலிலேயே ஒரு கெட்டியான இடம் அமைத்துக்கொள்ள எளிய வழி உண்டா?''

- ஒரு வாசகி, பெரம்பலூர்

வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில், வண்டியின் நீள அகலத்தைவிட எல்லாப் பக்கமும் ரெண்டு அடி கூடுதலாக, அரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிடுங்கள். அடிமண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்குங்கள். அதன் மேல் உடைகல் ஜல்லியும் கிராவலும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, திமிசு போட்டு, மேலே இன்னொரு அடுக்குப் பரப்பி, மறுபடியும் திமிசு போடுங்கள். ஒரே தடவையில் அரை அடியும் கொட்டினால், மேலே மட்டும் இறுகும். அடி இளகியே இருக்கும். மழைநீர் தேங்காமல் ஒரு பக்கம் லேசாக வாட்டம் வையுங்கள். இந்த இடத்திலும் ஜாக்கிக்குக் கீழே பலகை போடும் பழக்கத்தை விட வேண்டாம்.

பலகைக்குப் பெரிய செலவு இல்லை. தச்சு வேலை நடக்கும் வீட்டில் கழித்துப்போட்ட கெட்டிமரத் துண்டே போதும். அதோடு நான்கு மர ஆப்பு, ஒரு டார்ச் லைட். மூன்றையும் ஒரு சாக்கில் போட்டு, ஜாக்கி இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பஞ்சர், மழையையும் ராத்திரியையும் பார்த்து வருவதில்லை. அந்த நேரத்தில் தேடி எடுக்க வேண்டிய இடத்தில் பலகை இருந்தால், யாரும் தேட மாட்டார்கள். வெறும் மண்ணில்தான் ஜாக்கி போடுவார்கள்.